ஓநாய் வந்தால் மான் தீர்ந்துவிடுமா?

காடு: வாசகர் கேள்வி, பதில்

(பதில் எழுதுபவர் ஓய்வுபெற்ற வனவர். கோத்தகிரியில் வசிக்கிறார்.)

போன இதழில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. பாம்பு, யானை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் முழுக்க ஓநாயும் செந்நாயும் மானும்தான்.

கேள்வி (கல்லூரி மாணவர், குன்னூர்): ஐயா, ஓநாய் வந்ததும் மான் குறைந்து, மரம் தழைத்து, ஆறே அடங்கி ஓட ஆரம்பித்தது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இன்னொரு பக்கம், ஓநாய் மான் கூட்டத்தையே அழித்துவிட்டது என்று வேட்டைக்காரர்கள் கொதிக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: தம்பி, இரண்டு தரப்பும் ஒரே கணக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். எந்த வருஷத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள், யாரை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள் என்று பார்.

யெல்லோஸ்டோன் 1872-ல் பூங்கா ஆனது. அங்கிருந்த ஓநாய்களை அரசாங்கமே ஆள் வைத்து ஒழித்தது. 1926-ல் கடைசி ஓநாய்களும் போய்விட்டன. அதன்பின் எல்க் மான் பெருகி மேய்ச்சலைத் தின்று தீர்க்கிறது என்று பூங்காக்காரர்களே பல வருஷம் எல்க்கைச் சுட்டும் பிடித்துக் கடத்தியும் குறைத்தார்கள். எல்க் என்பது நம்ம கடமானைவிடக் கொஞ்சம் பெரிய மான். 1968-ல் பூங்காவுக்குள் சுடுவதை நிறுத்தியபோது, பூங்காவின் வடக்குப் பகுதியில் மேயும் எல்க் கூட்டத்தில் ஐயாயிரத்துக்கும் குறைவாகத்தான் இருந்தன. கை எடுத்ததும் ஏறியது. 1994 வாக்கில் சுமார் 19,000.

1995-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்கள், அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17. 2013-ல் எண்ணியபோது அதே வடக்குக் கூட்டம் நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. வேட்டைக்காரர்கள் காட்டுவது இந்த 19,000-ஐயும் 4,000-ஐயும். 1968-ஐ அவர்கள் காட்டுவதில்லை. ஓநாயே இல்லாத காலத்தில், மனிதர் கையால் மட்டும் அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கியிருக்கிறது.

சரி, இடையில் இருந்த பதினைந்து, பதினெட்டு வருஷத்தில் எல்க்கை யார் தின்றார்கள்? ஓநாய் தின்றது, சந்தேகமில்லை. ஆனால் அதே காலத்தில் பூமா எனப்படும் மலைச்சிங்கம் திரும்பி வந்து நிலைத்தது. கிரிஸ்லி கரடி பெருகியது. பிறந்து சில வாரமே ஆன எல்க் குட்டிகளை அங்கே அதிகம் பிடித்தது கரடிகள்தான் என்று குட்டிகளுக்குக் கருவி மாட்டிப் பின்தொடர்ந்தவர்கள் கண்டார்கள். கரடி ஏன் குட்டி மேல் பாய்ந்தது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. யெல்லோஸ்டோன் ஏரியில் யாரோ விட்ட வெளியூர் மீன், அங்கே பிறந்து வளர்ந்த டிரவுட் மீனைத் தின்று குறைத்துவிட்டது. ஓடையில் மீன் கிடைக்காத கரடி புல்வெளிக்கு வந்தது. ஏரியில் ஒரு மீன் செய்த காரியம் மலைமேல் மான் குட்டியின் தலையில் விழுகிறது, பார்த்தாயா? இது போதாதென்று 1997 குளிர்காலம் மிகக் கடுமை, பின்னால் வறட்சி. குளிரில் பூங்காவை விட்டு மொன்டானா பக்கம் இறங்கும் பெட்டை எல்க்கைச் சுட வேட்டைத்துறை ஏராளமாக அனுமதிச் சீட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதில் என் மனசில் நின்றது வயசுக் கணக்கு. அந்தப் பின்குளிர் வேட்டையில் மனிதர்கள் சுட்ட பெட்டை எல்க்கின் சராசரி வயசு ஆறரை. ஓநாய் பிடித்த பெட்டையின் சராசரி வயசு ஏறக்குறைய பதினாலு. ஆறரை வயசுப் பெட்டை இன்னும் எத்தனையோ ஈத்து ஈனும். பதினாலு வயசுக்கு அந்தத் தெம்பு வற்றிக்கொண்டிருக்கும். ஒரு தலை ஒரு தலைதான் என்று எண்ணுகிறவனுக்கு இரண்டும் ஒன்று. கூட்டத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். அதுவும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஓநாய் இல்லாத அந்த எழுபது வருஷத்தில் ஓடைக்கரை வில்லோ புதர்களை எல்க் மேய்ந்து தீர்த்தது. புதர் போனதும் அதை நம்பியிருந்த நீர்நாய் மாதிரியான பீவரும் போனது. பீவர் கட்டும் சின்னச் சின்ன அணை இல்லாததால் ஓடை பள்ளமாக அறுத்துக்கொண்டு இறங்கியது, கரை ஈரம் வற்றியது. ஓநாய் வந்து மான் குறைந்த பின் சில இடங்களில் வில்லோவும் ஆஸ்பென் மரமும் உயர்ந்திருக்கின்றன, பீவரும் கூடியிருக்கிறது. அது உண்மை. ஆனால் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சில ஓடைகளில் வேலி போட்டு மானைத் தடுத்தும், சிறு தடுப்பணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியும் இருபது வருஷம் பார்த்தார்கள். தண்ணீர் உயராத இடத்தில் மானை நிறுத்தினாலும் புதர் பழையபடி எழவில்லை. மான் குறைந்ததும் காட்டெருமைக் கூட்டம் பெருகி அதுவும் கடிக்கிறது. ஒரு விலங்கைத் துரத்த எழுபது வருஷம் எடுத்துக்கொண்டு, திரும்பக் கூட்டிவந்ததும் நாலே வருஷத்தில் எல்லாம் நேராகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓநாயைத் திட்டுகிறவர்களும் அதைக் கும்பிடுகிறவர்களும் எல்லாப் பாரத்தையும் ஒரே விலங்கின் முதுகில் ஏற்றுகிறார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே வருத்தம்தான்.

கேள்வி (இல்லத்தரசி, வெலிங்டன்): ஐயா, என் மகன் டென்வரில் வேலை பார்க்கிறான். அங்கே ஓநாய் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்களாமே? காட்டு விலங்குக்குத் தேர்தலா?

பதில்: ஆமாம்மா. கொலராடோவில் 2020 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ஐம்பத்தொரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக 'வேண்டும்' என்றது. டென்வர், போல்டர் போன்ற நகரங்கள் வேண்டும் என்றன. ஓநாயை விடப்போகிற மேற்குப் பக்கத்து மாவட்டங்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றன. 2023 டிசம்பரில் ஒரேகான் மாநிலத்திலிருந்து 10 ஓநாய்களும், 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15-ம் வந்தன. முதல் வருஷமே சில பண்ணைகளில் மாடும் ஆடும் போயின. ஒரு உருப்படிக்கு 15,000 டாலர் வரை நஷ்டஈடு என்று வைத்திருக்கிறார்கள். இருந்தும் கோபம் அடங்கவில்லை.

அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். பட்டியில் கன்று போனவனின் வயிற்றெரிச்சல், தூரத்து நகரத்தில் ஓட்டுப் போட்டவருக்குப் புரியாது. நீலகிரியில் நாமும் இதைப் பார்க்கிறோம். சென்னையிலிருந்து வந்து புலியைப் படம் எடுத்துப் போகிறவருக்கும், மாவனல்லாவில் மாடு மேய்க்கிறவருக்கும் புலி ஒன்றல்ல. ஆனால் அங்கே வேட்டைக்கு மான் மிஞ்சாது என்ற பயம் இருக்கிறதே, அதற்கு இன்றைக்கு ஆதாரம் இல்லை. கொலராடோவில் எல்க் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஓநாய் சில டஜன். பக்கத்து ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மூன்றிலும் ஓநாய் முப்பது வருஷமாக இருக்கிறது. சில பள்ளத்தாக்குகளில் எல்க் குறைந்திருக்கிறது, மாநிலக் கணக்கில் எல்க் அழியவில்லை. மகனிடம் சொல்லுங்கள், அவன் ஊர் ஓநாய் பற்றிப் பேசும்போது மாநிலக் கணக்கு எது, ஒரு பள்ளத்தாக்கின் கணக்கு எது என்று பிரித்துக் கேட்கட்டும்.

கேள்வி (எமரால்டு வாசகர்): ஐயா, அணைப் பக்கம் செந்நாய்கள் ஒரு கடமானைத் தண்ணீருக்குள் விரட்டி உயிரோடு கடித்ததைப் பார்த்தோம். கூடியிருந்தவர்கள் கல்லெறிந்து விரட்டினார்கள். முன்பெல்லாம் இப்படி இல்லை. இந்தச் செந்நாய்கள் கடமானை ஒழித்துவிடாதா? அரசாங்கம் கொஞ்சம் சுட்டுக் குறைத்தால் என்ன?

பதில்: நீங்கள் பார்த்ததை நானும் அவலாஞ்சி நீர்ப்பரப்பில் பார்த்திருக்கிறேன். மனசை உலுக்கும் காட்சி, மறுக்கவில்லை. பெட்டைக் கடமான் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். காது இரண்டும் கரையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கரைச் சேற்றில் செந்நாய்கள் அங்கங்கே உட்கார்ந்துகொள்ளும். அவசரமே இருக்காது. ஒன்று எழுந்து கரையோரமாகச் சுற்றி எதிர்ப்பக்கம் போகும், இன்னொன்று நீந்திப் போய்ப் பின்னங்கால் பக்கம் நெருங்கும், கடமான் முன்னங்காலால் தண்ணீரை அடிக்கும், அது விலகித் திரும்ப வரும். குளிரும் களைப்பும்தான் பாதி வேலையைச் செய்கின்றன. செந்நாய் பதினைந்து, இருபது கிலோ உடம்புதான். இருநூறு கிலோ மானைச் சாய்க்கக் கூட்டமும் பொறுமையும் தவிர அதற்கு வேறு ஆயுதம் இல்லை. புலி மாதிரி கழுத்தைக் கவ்விச் சீக்கிரம் முடிக்க முடியாது. அதனால் நமக்கு அது குரூரமாகத் தெரிகிறது. அதே கூட்டம் இரை விழுந்ததும் குட்டிகளை முதலில் தின்ன விட்டுப் பெரியவை ஒதுங்கி நிற்பதை அன்றைக்கு யாரும் இருந்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

கல்லெறிந்ததால் என்ன ஆனது என்று யோசியுங்கள். கடிபட்ட கடமான் பிழைப்பது அபூர்வம். அது அன்றிரவு எங்காவது சாகும். பசியோடு போன கூட்டம் இன்னொரு கடமானைத் துரத்தும். ஒன்று போக வேண்டிய இடத்தில் இரண்டு போகும். தயவுசெய்து அப்படிப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், கூட வருகிறவர்களையும் இறங்க விடாதீர்கள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை என்கிறீர்கள். முன்பு என்ன நடந்தது என்று சொல்கிறேன். 1877-ல் வெள்ளைக்காரர்கள் இங்கே ஒரு வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். கண்மண் தெரியாமல் சுட்டதில் கடமானும் வரையாடும் அருகிவிட்டன என்ற பயம்தான் காரணம். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுடக்கூடாத காலம் எது, அனுமதி யார் தருவது என்றெல்லாம் விதித்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் மானைக் காப்பாற்றுகிறோம் என்று செந்நாயைப் பூச்சி புழு கணக்கில் வைத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி. மானை அருகவைத்தது துப்பாக்கி, தண்டனை செந்நாய்க்கு. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் அந்தக் கதை முடிந்தது. இன்று நீங்கள் கேட்கிற 'கொஞ்சம் சுட்டுக் குறைத்தால் என்ன' என்பதை இந்த மலை பல தலைமுறை செய்து பார்த்துவிட்டது.

செந்நாய் மான் கூட்டத்தை ஒழிக்கும் என்ற நம்பிக்கையை நேரில் உட்கார்ந்து சோதித்தவர் நாங்குநேரிக்காரரான வனவிலங்கு ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நம்ம முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் 1976 முதல் 78 வரை செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தார். இருக்கும் இடத்தைக் காட்ட விலங்கின் கழுத்தில் மாட்டும் ரேடியோ பட்டை கிடையாது. மோப்பம், காலடி, காக்கை வட்டமிடுவது, புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் இவைதான் துணை. அந்தக் காட்டில் செந்நாய், சிறுத்தை, புலி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன, புள்ளிமானும் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தது. 2024-ல் அவர் இறந்த செய்தி கேட்டபோது, எங்கள் தலைமுறைக் காக்கிச் சட்டைக்காரர்கள் பலருக்கு வீட்டில் ஒருவர் போனது போலிருந்தது.

கடமான் குறைகிறதா என்று உங்களுக்குக் கவலை இருந்தால், அது நியாயமான கவலை. ஆனால் பார்க்க வேண்டிய இடம் தரை. மேலே வாட்டில் எனப்படும் சீகை மரமும் தைலமரமும் புல்வெளியை மூடியிருக்கின்றன. கீழே முதுமலை, சீகூர்ப் பக்கம் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக்கிடக்கிறது. அதன் அடியில் புல் முளைக்காது. இப்போது மஞ்சள் பூப் பூக்கும் சென்னா வேறு. தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் புள்ளிமான்கள் வீட்டு வாசல்வரை வந்து நிற்பதை எல்லோரும் ரசிக்கிறார்கள். வெளிச்சமும் வெட்டவெளியும் புல்லும் அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கேள்வி (மாடு வளர்ப்பவர், மசினகுடி): செந்நாய் என் கன்றுக்குட்டியைக் கொன்றுவிட்டது. மேலே உள்ளவர்களுக்குக் காடு முக்கியம், எங்களுக்கு மாடு முக்கியம். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பதில்: அண்ணே, உங்கள் நஷ்டத்துக்கு முதலில் வழி சொல்கிறேன். உடலை நகர்த்தாதீர்கள். அதே நாளில் ரேஞ்ச் ஆபீசில் எழுதிக் கொடுத்து, எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். போனில் கடித்த இடம், காலடி, சுற்றியுள்ள தரை எல்லாம் தெரிய நாலைந்து படம் எடுங்கள். கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். நஷ்டஈடு தாமதமாவது உண்மை, அதற்காக நீங்கள் சண்டை போடுவதும் நியாயம். செந்நாய் பெரிய மாட்டை நெருங்குவது குறைவு, கன்றைத்தான் பார்க்கும். கன்றை மந்தையோடு காட்டுக்குள் விடாமல் வீட்டில் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் செத்த உடலில் மருந்து வைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் ஓடையோரம் செத்துக் கிடந்தன. விசாரித்ததில் செத்த பசுவில் விஷம் வைத்திருந்தது தெரிந்தது, வைத்தவர் கைதானார். உங்கள் ஊர்ப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியால் நாடு முழுக்க அவை சரிந்து, 2006-ல் அதைக் கால்நடைக்குத் தடை செய்த பின்னும் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் உங்கள் ஊரும் ஒன்று. விஷம் வைத்த ஒரே உடல் அந்தக் கூட்டத்தையே காலி செய்துவிடும்.

இன்னொன்று, உங்கள் தெரு நாய்களுக்குத் தடுப்பூசி போட ஊராட்சியை நெருக்குங்கள். டிஸ்டம்பர் நோயும் வெறிநோயும் நாயிலிருந்து செந்நாய்க்குத் தாவினால் ஒரு கூட்டமே மடியும். வெறி பிடித்த நாய் உங்கள் மாட்டையும் கடிக்கும்.

கேள்வி (பள்ளி மாணவி, கூடலூர்): நீலகிரியிலும் ஓநாயைக் கொண்டுவந்து விடலாமா?

பதில்: வேண்டாம் கண்ணு. நம்ம நாட்டு ஓநாய் வறண்ட பொட்டல், புதர்க்காடு, ஆட்டுக்கிடை இருக்கும் சமவெளியில் வாழ்கிற விலங்கு. சோலையும் மழையும் அதற்கு ஒத்துவராது. இங்கே மானைப் பிடிக்கிற வேலைக்குப் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. அமெரிக்காக்காரர்கள் தொலைத்துவிட்டுத் திரும்ப வாங்கியதை நாம் இன்னும் தொலைக்கவில்லை.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): வரையாட்டை அது முன்பு இருந்த மலைகளில் திரும்ப விடப்போவதாக அரசுத் திட்டம் சொல்கிறது. சிறுத்தையும் செந்நாயும் இருக்கும் இடத்தில் விட்டால் அவற்றுக்குத் தீனி போடுவதாகாதா?

பதில்: நல்ல கேள்வி. 2022 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்துக்கு 25.14 கோடி ரூபாய். திரும்பக் குடியேற்றுவது அதில் ஒரு பகுதி. வரையாட்டை இந்த மலையில் முறையாக எண்ணத் தொடங்கியவர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு நாள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031, 2025-ல் 1,303. கூடிய 272-ம் ஒரே வருஷத்தில் பிறந்த குட்டிகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேடிய பகுதிகளும் கூடின.

சிறுத்தையும் செந்நாயும் வரையாட்டைத் தின்னும், குறிப்பாகக் குட்டியை. ஆனால் வரையாடு அவற்றோடுதான் இத்தனை காலம் வாழ்ந்தது. ஓடிப்போய் நிற்க அதற்குச் செங்குத்துப் பாறை வேண்டும், பாறையை ஒட்டி மேயப் புல் வேண்டும். பாறை அப்படியே இருக்கிறது. புல்வெளி, பழநி மலையிலும் நீலகிரியிலும், சீகையும் பைனும் தைலமும் நட்டதில் துண்டு துண்டாகிவிட்டது. புல்லைத் தேடிப் பாறையை விட்டு வெகுதூரம் நடக்க வேண்டிய ஆடுதான் செந்நாய் வாயில் விழும். சின்னக் கூட்டமாக, ஏழெட்டு ஆடு மட்டும் விட்டாலும் ஒரு கெட்ட வருஷத்தில் எல்லாம் போய்விடும்.

வரிசை தப்பக்கூடாது. விடப்போகிற மலையில் முதலில் சீகையை எடுத்து, மறுபடி முளைக்கும் கன்றுகளையும் ஆண்டாண்டாகப் பிடுங்கி, புல் நிலைத்த பின் ஆட்டைக் கொண்டுவர வேண்டும். கழுத்துப் பட்டையோடு விட்டு, எது எதனால் செத்தது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்காமல் விட்டால் இரண்டு ஆடு காணாமல் போன மறுநாளே பழி செந்நாய் மேல் விழும், பழைய வெகுமதிப் பேச்சு திரும்பக் கிளம்பும். உங்கள் பக்கம் கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். ஆடு எத்தனை வரும் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை ஹெக்டேரில் சீகை எடுத்திருக்கிறீர்கள், மூன்றாம் வருஷம் கன்று பிடுங்க யாருக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள்.